விஷத்துக்கு அஞ்சாத பூச்சி

ஆயுத பூஜை வந்துவிட்டால் சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் எலுமிச்சம்பழத்துக்குக் கிராக்கி ஏறிவிடும். ராஜபாளையத்துக்குத் தெற்கே, எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடியில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் மனக்குறையுடன் சொன்னார்: "ஸார், துளிர் இலைக்குள் கோலம் போடுகிறதே ஒரு புழு, அது முன்பெல்லாம் ஒரு மூடி மருந்துக்குச் செத்தது. இப்போது மூன்று மூடிக்கும் சாகமாட்டேன் என்கிறது. மருந்தில் கலப்படமோ?"

கலப்படமாகவும் இருக்கலாம். ஆனால், மருந்து சுத்தமாக இருந்தும் பூச்சி சாகாத கதை ஒன்று உண்டு.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களில் 1886 முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டது. இரவில் மரத்தைக் கூடாரத்தால் மூடி, உள்ளே ஹைட்ரஜன் ஸயனைடு என்னும் கொடிய வாயுவைச் செலுத்துவார்கள். சாற்றை உறிஞ்சும் செந்நிறச் செதிற்பூச்சி மடிந்துபோகும். சில ஆண்டுகள் சென்றன. கொரோனா என்னும் ஊரில் (நோயை நினைக்க வேண்டாம், ஊரின் பெயரே அதுதான்!) வழக்கமான அளவுக்குப் பூச்சி அசையவில்லை. பூச்சியே மாறி வருகிறதோ என்று 1916-இல் பேராசிரியர் குவேல் கேட்டார். தாங்கும் சக்தி பெற்றோரிடமிருந்து சந்ததிக்கு இறங்கும் பரம்பரைச் சொத்து என்று 1941-இல் டிக்ஸன் என்பவர் சோதனை செய்து காட்டினார்.

பூச்சி விஷத்தை உண்டு உண்டு பழகிவிடுகிறது என்று என் மாணாக்கர்கள் எழுதுவதுண்டு. நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான பூச்சிகளில் இரண்டொன்று பிறவியிலேயே விஷத்தைத் தாங்கக்கூடியவை. மருந்து மற்றவற்றையெல்லாம் கொன்று, தோட்டம் முழுவதையும் அந்த இரண்டுக்கும் பட்டா எழுதிக் கொடுத்துவிடுகிறது! அளவைக் கூட்டினால் பட்டா இன்னும் உறுதியாகிறது. பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளும் குளவிகளும் வேறு சாகின்றன.

அதே செதிற்பூச்சி 1990-களில் புதிய மருந்துகளையும் வென்றது. அங்கே அதை அடக்குவதில் பெரும்பங்கு ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மஞ்சள் குளவிக்கு உண்டு. செதிலுக்கடியில் அது முட்டையிடும். பொரிந்த புழு பூச்சியைத் தின்றுவிடும். அந்தக் குளவி எங்கிருந்து போயிற்று தெரியுமா? 1956-57-இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும்தான்!

நண்பருடைய புழுவுக்கு அந்தக் குளவி உதவாது. ஒரே மருந்தை விடாமல் தெளிக்காமல், வேறு வகையில் வேலை செய்யும் மருந்துகளை மாற்றி மாற்றி, துளிர்க்கும் பருவத்தில் மட்டும் அடிக்கச் சொன்னேன். மூன்று மூடிப் புட்டி இப்போது பரணில் இருக்கிறதாம். அடுத்த துளிருக்கு அதை இறக்குவாரா என்று நான் கேட்கவில்லை.