பாட்டி வயிற்றில் தொடங்கிய பயணம்

உங்கள் தாயைப் பெற்ற பாட்டியைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் தாயை வயிற்றில் சுமந்தபோது, ஐந்தாறு மாதத்துக்குள்ளாகவே, பிற்காலத்தில் நீங்களாக வளரவிருந்த முட்டைச் செல் அந்தச் சிசுவின் சூலகத்தில் உருவாகிவிட்டது. அதாவது, உங்கள் தாய் பிறப்பதற்கு முன்பே உங்களில் பாதி தயார். தந்தைவழிப் பாதியின் கதை இதற்கு நேர்மாறானது. உங்களைத் தந்த விந்தணு, நீங்கள் கருவாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு உலகிலேயே இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? ஆணின் விரைக்குள் குருத்தணுக்கள் இருக்கின்றன. பெண்ணின் சூலகத்தில் அவை தங்குவதில்லை. குருத்தணு என்று நாம் சொல்வதைத்தான் மருத்துவர்கள் ஸ்டெம் செல் என்கிறார்கள். வாழை மரம் தாரைத் தந்துவிட்டு மடிந்தாலும் அடியில் ஒரு கன்றை விட்டுச் செல்கிறதல்லவா? அதுபோலக் குருத்தணு இரண்டாகப் பிரியும்போது ஒரு பகுதி வேலைக்குப் போகும். மற்றது குருத்தணுவாகவே நின்று வம்சத்தைக் காக்கும்.

இந்தச் செல்கள் விரையிலோ சூலகத்திலோ பிறந்தவை என்று நீங்கள் எண்ணினால் அது தவறு. அவை வெளியூர்க்காரர்கள். மனிதக் கரு மூன்று வாரங்களைக் கடந்த நிலையில், கருவின் உடலுக்கு வெளியே தொங்கும் கருவுணவுப் பையின் சுவரில் அவை முதன்முதலாகக் கண்ணுக்குப் புலப்படுகின்றன. ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி அவற்றில் மிகுந்திருப்பதால், தக்க சாயமிட்டால் நுண்ணோக்கியில் தனியே தெரியும். இவற்றை ஆதி இனச்செல்கள் என்று அழைக்கலாம். அங்கிருந்து அவை அமீபாவைப் போல ஊர்ந்து, பின்குடலின் சுவர் வழியாக உடலுக்குள் நுழைந்து, முதுகுப் பக்கமாக ஏறி, சிறுநீரகம் தோன்றும் இடத்துக்கு அருகிலுள்ள இரண்டு மேடுகளை ஐந்தாறு வாரங்களில் அடைகின்றன. வழியிலுள்ள செல்கள் சுரக்கும் வேதிப்பொருள்களே அவற்றுக்குக் கைகாட்டி மரம், அவையே கட்டுச்சோறும்கூட. அவை கிட்டாத இனச்செல் மடிந்துபோகும். போகிற போக்கிலேயே பெருகிக்கொள்வதால், சில பத்துகளாகப் புறப்பட்டவை போய்ச் சேரும்போது ஆயிரத்துக்கு மேல் ஆகிவிடுகின்றன.

எல்லாமே ஊர் போய்ச் சேருவதில்லை. வழிதவறியவற்றுள் பெரும்பாலானவை தாமாகவே அழிகின்றன. அழியாமல் தங்கியவை நெஞ்சுக்கூட்டிலோ மூளையின் நடுப்பகுதியிலோ பின்னாளில் கட்டிகளாக வளரக்கூடும் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அத்தகைய கட்டிகள் சிலவற்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே முடியும் பல்லும் எலும்பும் கலந்து கிடக்கும்! இங்கே ஒரு சுவையான வரலாறு உண்டு. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், 1950-களின் தொடக்கத்தில் லிராய் ஸ்டீவன்ஸ் என்பவர் சிகரெட்டில் எந்தப் பகுதி தீங்கு செய்கிறது என்று எலிகளைக் கொண்டு சோதித்துக்கொண்டிருந்தார். ஓர் எலியின் விரைப்பை வீங்கியிருக்கக் கண்டு அறுத்துப் பார்த்தார். உள்ளே பலவகைத் திசுக்களின் குழப்பம். சிகரெட்டை விட்டுவிட்டு இதன் பின்னே போனார். பல ஆண்டு உழைப்புக்குப் பின், அந்தக் கட்டிகள் ஆதி இனச்செல்களிலிருந்து தோன்றுகின்றன என்று காட்டினார். எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஆற்றல் அச்செல்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. 1981-இல் மார்ட்டின் எவன்சும் மாத்யூ காஃப்மனும் எலிக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தது இந்தப் பாதையில் நடந்துதான். இன்று செய்தித்தாள்களில் அடிபடும் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு ஓர் எலியின் விரையும் ஒரு காரணம் என்றால் சிரிப்பு வருகிறது, ஆனால் உண்மை.

செல்கள் வந்து சேர்ந்த மேட்டுக்கு அப்போது ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் முடிவாகிறது. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற ஜீன் அந்த முடிவைத் தொடங்கிவைக்கிறது என்று 1990-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மறு ஆண்டு அந்த ஜீனைப் பெண் எலிக் கருவில் செலுத்தியபோது அது விரைகளோடு பிறந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆணையைக் கேட்பவை பயணம் செய்து வந்த இனச்செல்கள் அல்ல; மேட்டிலேயே இருக்கும் செர்ட்டோலி செல்கள். 1865-இல் இவற்றை விவரித்த இத்தாலிய அறிஞரின் பெயர் இது. வந்தவர்களை வளைத்துச் சூழ்ந்து, குழல் குழலாக வீடு கட்டிக் கொடுப்பவை இவைதான். இனச்செல்கள் ஒன்றுகூட வராமல் போனாலும் விரையில் குழல்கள் உருவாகிவிடும், வெறும் வீடாக. சூலகமோ அப்படியன்று. இனச்செல் இல்லையேல் முட்டையைச் சூழும் நுண்பைகளே உண்டாவதில்லை.

சூலகத்தில் நுழைந்த செல்கள் மளமளவென்று பெருகி, ஐந்தாம் மாதத்தில் ஏறத்தாழ 70 லட்சமாகின்றன. பிறகு அத்தனையும் முட்டைச் செல்லாக மாறிவிடுகின்றன. கன்று எதுவும் மிஞ்சுவதில்லை. குதிரில் கொட்டிய நெல்லைப் போல, அன்று முதல் குறைவது ஒன்றே வழக்கம். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம். பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சம். அவற்றில் வாழ்நாள் முழுவதும் வெளிப்படுவன ஏறத்தாழ 400 மட்டுமே. வளர்ந்த சூலகத்திலும் குருத்தணு உண்டு என்று 2004-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அறிவித்தபோது பெரும் விவாதம் மூண்டது. ஆனால் 2020-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் மனிதச் சூலகத்தின் செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்ததில் அப்படி ஒன்றும் அகப்படவில்லை. பழைய கருத்தே வலுவாக நிற்கிறது.

விரையில் நடப்பது வேறு. வந்து சேர்ந்த செல்கள் சற்றுப் பெருகிவிட்டு உறங்கிவிடுகின்றன. குழந்தை பிறந்து சில மாதங்களில் அவை குழலின் ஓரச் சுவருக்கு நகர்ந்து குருத்தணுக்களாக மாறுகின்றன. பருவ வயது வந்ததும் வேலை தொடங்கும். ஒரு செல் விந்தணுவாக முதிர ஏறத்தாழ 74 நாள். ஆனால் வரிசையாக முதிர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு விநாடியும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விந்தணுக்கள் உருவாகின்றன. இவை உண்மையிலேயே குருத்தணுக்கள்தாம் என்பதற்கு 1994-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பிரின்ஸ்டர் சான்று தந்தார். ஓர் எலியின் விரைச் செல்களை மலட்டு எலியின் விரைக்குழல்களில் செலுத்தினார். அவை அங்கே குடியேறி விந்தணுக்களை ஈன்றன; மலட்டு எலி குட்டிகளுக்குத் தந்தையாயிற்று, குட்டிகள் என்னவோ முதல் எலியின் வாரிசுகள்!

புற்றுநோய்க்குக் கடும் மருந்து பெறும் சிறுவர்களுக்கு இது பெரிய செய்தி. சில மருந்துகள் இந்தக் குருத்தணுக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். வளர்ந்த ஆணென்றால் முன்கூட்டியே விந்தைச் சேமித்து உறைய வைக்கலாம். ஏழு வயதுச் சிறுவனிடம் விந்து ஏது? விரைத் திசுவின் ஒரு துணுக்கை எடுத்து உறைய வைப்பதே வழி. பருவமடையாத ரீசஸ் குரங்குகளிடம் அப்படி எடுத்து உறைய வைத்த திசுவை அவற்றின் தோலுக்கடியிலேயே மீண்டும் பதித்து, அதில் விளைந்த விந்தணுவைக் கொண்டு ஒரு பெண் குட்டியைப் பெற்றதாக 2019-இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கிரேடி என்பது அந்தக் குட்டியின் பெயர்.

இவ்வளவு தொலைவு போகாமலே, வீட்டுக்குள் நாம் இழந்துவிடும் குருத்தணுக்களும் உண்டு. விரைகள் வயிற்றில் உருவாகிப் பின்னர் கீழிறங்கி விரைப்பைக்கு வருகின்றன. அங்கே வெப்பம் உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவு. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகள் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு ஒரு விரையாவது இறங்காமல் நின்றுவிடுகிறது; குறைமாதக் குழந்தைகளில் முப்பது பேர் வரைகூட. பலருக்கு முதல் சில மாதங்களில் தானே இறங்கிவிடும். ஆறு மாதம் கழிந்தும் இறங்கவில்லையானால், இனி இறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. குருத்தணுக்கள் உருவாக வேண்டிய காலமும் இதுவே. சூட்டில் கிடக்கும் விரையில் அந்த மாற்றம் குன்றிவிடுகிறது. இருப்பவையும் ஆண்டு ஆக ஆகக் குறைகின்றன. பின்னாளில் விரையில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. “வளர வளரத் தானே இறங்கிவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அன்பினால் சொல்வதுதான், ஆனால் அந்தப் பேச்சை நம்பிக் காத்திருந்து, பள்ளிக்கூட வயதில், சிலர் திருமணத்துக்குப் பிறகு, மருத்துவரிடம் வருகிறார்கள். விரையைக் கீழிறக்கிப் பொருத்தும் சிறிய அறுவையை ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடையில் செய்துவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் முடிவு.

தங்கள் வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்மார்களும் பாட்டிமார்களும் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். வெதுவெதுப்பான நீரில் குளிக்கும்போது விரைப்பையைத் தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் சிறு மணிபோலத் தட்டுப்பட வேண்டும். சில குழந்தைகளுக்குக் குளிரில் மேலேறிக்கொண்டு, வெந்நீர் பட்டதும் தானே இறங்கி நிற்கும். அதற்கு அறுவை தேவையில்லை; ஆனாலும் பருவமடையும் வரை ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவர வேண்டும்.