ஒரு கணக்கு, பல கணினிகள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை எதிலாவது கணினிக்கூடத்துக்குள் போய், பிள்ளைகள் தட்டச்சுப் பழகும் நேரம் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு நூற்றுக்கு நான்கோ ஐந்தோ என்று காட்டும். மிச்ச வலு சும்மா கிடக்கிறது.

இந்தச் சும்மா கிடக்கும் வலுவை உலகம் முழுவதும் திரட்டிக் காட்டியது 1999இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம் (SETI@home) என்ற திட்டம். வேற்றுக்கிரகச் சமிக்ஞை தேடுவதற்காக, அரசிபோ வானொலித் தொலைநோக்கி பதிந்த தரவை 107 செக்கன் துண்டுகளாக வெட்டி வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரர் எழுந்து போனதும் கணினி துண்டை எடுத்துக் கணக்குப் பார்க்கும். முன்பின் தெரியாதவரின் கணினியை எப்படி நம்புவது? ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டார்கள். இடையில் மின்சாரம் நின்றால்? அவ்வப்போது சேமித்து வைத்த இடத்திலிருந்து வேலை தொடரும். 2022இன் மின்வெட்டைக் கண்ட நமக்கு இதன் அருமை தெரியும்.

அங்கே ஒரு துண்டுக்கு மற்றத் துண்டின் விடை தேவையில்லை. எல்லாக் கணக்கும் அப்படியல்ல. சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004இல் குவார்க் எனும் நுண்துகள்களின் கணக்குக்காக 144 கணினிகளை இணைத்து, இமயச் சிகரமான கப்ருவின் பெயரைச் சூட்டியது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின் விடையை அடிக்கடி கேட்கும். அதனால் ஒவ்வொரு கணினியையும் ஆறு அயல் கணினிகளோடு வேகமான வடத்தால் நேரே தொடுத்தார்கள். அங்கே உண்மையான பாடு இணைப்பில்தான்.

கணினியைக் கூட்டக் கூட்ட வேகம் கூடிக்கொண்டே போகாது என்பதைக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே சொல்லிவிட்டார். உரும்பிராயில் வெங்காயம் நட இருபது பேரை இறக்கலாம். ஆனால் தண்ணீர் இறைப்பது ஒரே மோட்டார்தான். வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்றால், இருபது கணினி போட்டாலும் வேகம் ஏழு மடங்கைத் தொடாது. ஆயிரம் போட்டாலும் பத்தைத் தாண்டாது.

செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்குப் பழைய கணினி நான்கும் லினக்ஸும் ஒரு சுவிட்சும் போதும். பகா எண் தேடுவதிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஒன்று: முழு மூச்சாக வேலை செய்யும் கணினி சும்மா இருப்பதைவிடக் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். அதிபரிடம் அனுமதி கேட்கும்போது அதையும் சொல்லிவிடுங்கள்.