நாய்க்குட்டிக்குப் பேர் வைக்கப்போறீங்களா? முதல்ல மொட்டைமாடிக்குப் போய் ஒரு தடவை கத்திப் பாருங்க!

குட்டி வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் பட்டிமன்றம் ஆரம்பிச்சிருக்கும். அண்ணன் 'தானோஸ்' என்பார், தங்கச்சி 'ஓரியோ' என்பாள். பாட்டி யாரையும் கேட்காமல் 'மணி' என்று கூப்பிட்டுச் சோறு வைத்திருப்பார். உண்மையில், பாட்டி பக்கம்தான் நியாயம் அதிகம்.

மணி, ஜிம்மி, டாமி, ஜூலி, வீரா... நம்ம ஊர் நாய்ப் பேர்களைக் கவனிச்சீங்களா? எல்லாமே சின்னப் பேர்கள். கடைசியில் 'மணீஈஈ' என்று இழுத்துக் கூப்பிட வசதியாக இருக்கும். 'புரூஸ்' என்று வைத்துவிட்டு, தெருமுனையில் நிற்கும் நாயை இழுத்துக் கூப்பிட்டுப் பாருங்கள், கஷ்டம் புரியும்.

இது ஸ்டைல் விஷயம் மட்டும் இல்லை. கேட் திறந்திருக்கிறது, நாய் ரோட்டுக்கு ஓடுகிறது, எதிரே லாரி வருகிறது. அந்த நொடியில் உங்கள் கையில் கயிறு இருக்காது, பேர் மட்டும்தான் இருக்கும். 2019-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வில், பின்னணியில் பலர் பேசிக்கொண்டிருந்தாலும் நாய்கள் தங்கள் பேரைக் கண்டுபிடித்தன. ஆனால், அந்தப் பேச்சுச் சத்தம் பேரைவிட அதிகமானபோது தடுமாறின. நம்ம ஊர் ஹாரன் சத்தத்தையும் தீபாவளி வெடியையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

'சர் வின்ஸ்டன்' மாதிரி பெரிய பேர் வைத்தால், அப்பா 'சார்', அம்மா 'வின்னி', நீங்கள் 'டேய் குட்டி' என்று ஆளுக்கொன்றாகச் சுருக்குவீர்கள். பாவம், அது எதற்குத்தான் திரும்பும்? அதேபோல, நீங்கள் சொல்லும் கட்டளை மாதிரி ஒலிக்கும் பேரும் வேண்டாம். 'ஜோ'வும் 'நோ'வும் நாய்க்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டில் அனு என்று ஒருத்தி இருந்தால் 'மனு'வும் வேண்டாம். எதிர்வீட்டு அங்கிள் பேரையும் தவிர்த்துவிடுங்கள். காலங்காத்தால, "டேய், அங்க என்ன மோந்து பாக்குற?" என்று அந்தப் பேரைச் சொல்லிக் கத்த முடியாது!

பேர் வைத்தாச்சா? அதைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தால், உடனே ஒரு துண்டு வேகவைத்த சிக்கன் கொடுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, சும்மா ரெண்டு நிமிஷம் போதும். பெரும்பாலும் நாம் சொதப்புவது அடுத்த விஷயத்தில்தான். "டைகர்ர்! செருப்பை யாருடா கடிச்சது?" என்று பேரைச் சொல்லியே திட்டுவோம். பேரைக் கேட்டாலே அடிதான் என்று பழகிய நாய், ரோட்டில் நீங்கள் கூப்பிடும்போது ஏன் திரும்பி வரப்போகிறது? திட்டணும்னா 'நோ' மட்டும் போதும்.

தத்தெடுத்த நாய்க்கு ஏற்கெனவே பேர் இருந்தால்? தாராளமாக மாற்றலாம். பழைய பேரைக் கேட்டதும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு பதுங்கினால், மாற்றுவதுதான் நல்லது. மற்றபடி, கொஞ்ச நாள் 'ராமு-சிம்பா' என்று ரெண்டையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். 'சிம்பா'வுக்கு மட்டும் திரும்ப ஆரம்பித்ததும் 'ராமு'வை விட்டுவிடலாம். பாட்டி விடுவாரா என்பது வேறு கதை!