தன்வளர்ச்சியும் பிறர்நலப் பணியும்

துன்புறுவோர் வாசலில் நிற்க, நூலகத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருப்பது தன்னலமாகாதோ என்று இறையியல் பயிலும் நாம் சில வேளைகளில் மனங்கலங்குகின்றோம். இவ்வினாவை ஆராய ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வு நமக்குத் துணைசெய்யும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் ஓர் இரவு, மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையுற்றிருந்த தத்தம் மனைவியருக்கு உதவுமாறு அவரை வேண்டினர். மருத்துவரான அவர் தந்தையாரை, ஆடவர் என்பதால், ஏற்க மறுத்தனர். ஐடாவிடம் இரக்கம் இருந்தது, பயிற்சி இல்லை. மூன்று பெண்களும் இறந்த செய்தியே மறுநாள் காலை அவரை எட்டிற்று.

அவர் அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வேலூரில் பணி தொடங்கினார். அக்கல்வி ஆண்டுகளும் ஊழியத்தின் பகுதியே எனலாம். எனினும் அவர் கற்ற கல்வி அவரோடு நின்றுவிடவில்லை. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். உதவி பெற்ற சமுதாயத்தின் பெண்களே உதவி செய்யத் தகுதி பெற்றனர்.

எனவே இரக்கம் கல்வியை நாடவேண்டும். கல்வி பிறரைச் சென்றடைய வேண்டும். நாம் கற்பதால் சபையார் நம்மையே மேன்மேலும் சார்ந்திருக்கின்றனரா? அல்லது தாமே திருமறையை ஆராயவும் அயலாரைத் தாங்கவும் வலுப்பெறுகின்றனரா? நம் தன்வளர்ச்சியை இவ்வினாவைக்கொண்டே அளந்தறிவோமாக.