அணைக் காவற்குழுவில் அமரத் தக்கவர் யாவர்?

ஏரவாடா என்றதும் பலரது நினைவுக்கு வருவது 1932-ஆம் ஆண்டில் பூனா ஒப்பந்தம் உருவான சிறைச்சாலையே. அதற்கு அண்மையில் ஓடும் ஆற்றை அறிந்தோர் அத்துணைப் பேரல்லர். முளா, முட்டா என்னும் இரண்டு ஆறுகள் புனே நகரில் சங்கமித்து, முளா-முட்டா என்ற ஒரே பெயருடன் ஏரவாடாவை ஒட்டிச் செல்கின்றன. முட்டா ஆற்றின் மேற்பகுதியில் கடக்வாஸ்லா அணையும், அதற்கும் மேலே பான்ஷேத் முதலிய அணைகளும் உள்ளன. அங்கே கதவுகள் எவ்வளவு திறக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே இங்கே தாழ்ந்த தெருக்களில் வாழ்வோர் வீட்டைவிட்டு வெளியேற நேருமா என்பது அமைகிறது. அத்தீர்மானத்தைச் செய்வோரும் அதைக் கண்காணிப்போரும் எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகின்றனர் என்பது ஆராயத்தக்கது.

1961-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12-ஆம் நாள் காலையில் பான்ஷேத் அணை உடைந்தது. அது மண்ணால் கட்டப்பட்டு வந்த அணை. வேலை முற்றும் முடியுமுன்னரே அவ்வாண்டின் மழைநீர் அதில் தேக்கப்பட்டது. நீரை வெளியேற்றும் குழாய்வழியின் கதவு வேலைகள் நிறைவுறாதிருந்தன. மழை மிகுந்து நீர்மட்டம் விரைந்து உயர, குழாய்வழிக்கு மேலிருந்த கரை அமிழத் தொடங்கிற்று. முந்திய இரவு முழுவதும் படைவீரர் மணல் மூட்டைகளை அடுக்கிக் கரையைத் தாங்கினர். உடைப்பு நள்ளிரவில் நேராமல் பகலில் நேர்ந்ததற்கு அவர்களுடைய உழைப்பே காரணம் என்பர். பாய்ந்து வந்த வெள்ளம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கடக்வாஸ்லா கல்லணையையும் உடைத்துக்கொண்டு நகருக்குள் புகுந்தது. பின்னர் நீதிபதி நாயக் தலைமையில் விசாரணை நடைபெற்றது.

அணை கட்டும் இலாகாவே அவ்வணை பத்திரமானதா என்பதையும் சொல்லும் ஏற்பாடு அந்நாளில் இருந்தது. வெளியிலிருந்து ஒரு நீதிபதி வந்தது உடைந்த பிறகுதான். இதுவே பான்ஷேத் நிகழ்ச்சியில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தியாகும். 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் குஜராத்தில் மச்சு இரண்டாம் அணை உடைந்து மோர்பி நகரம் அழிவுற்ற பின்னரே நாடு முழுவதற்குமான ஏற்பாடு பற்றிய எண்ணம் வலுப்பெற்றது. 1982-இல் மத்திய அரசாங்கம் ஒரு நிலைக்குழுவை ஏற்படுத்திற்று. 1987-இல் தேசிய அணைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. எனினும் சட்டத்தின் பலம் அதற்குக் கிட்ட மேலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தேசியக் குழுவின் தலைவர் மத்திய நீர்க் கமிஷனின் தலைவராவார். மத்திய அரசாங்கத்தின் பிரதிநிதிகள் பத்துப் பேருக்கு மேற்படாமலும், மாநில அரசாங்கங்களின் தலைமைப் பொறியியல் அதிகாரிகள் முறைவைத்து ஏழு பேருக்கு மேற்படாமலும், மத்திய அரசாங்கம் நியமிக்கும் வல்லுநர்கள் மூவருக்கு மேற்படாமலும் உறுப்பினராவர். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை குழு திருத்தியமைக்கப்படும். ஆக, இருபத்தொரு இடங்களில் பதினெட்டு இடங்கள் பதவியின் வழியாக வருபவை.

இதற்கு நியாயம் இல்லாமற் போகவில்லை. கசிவுநீரின் அளவைப் பார்த்துக் கரையின் உள்நிலையை ஊகிப்பதும், பெருவெள்ளக் கணக்கைச் சரிபார்ப்பதும் பயின்றோர்க்கே இயலும். அப்பயிற்சி பெற்றோர் பெரும்பாலும் அரசாங்க இலாகாக்களிலேயே இருக்கின்றனர். ஆனால் இடர்ப்பாடும் அங்கேயேதான். நாட்டின் பெரிய அணைகளுள் மிகப் பெரும்பாலானவை மாநில அரசாங்கங்களுக்கு உரியவை. மத்திய நீர்க் கமிஷனோ அணைகளின் வடிவமைப்பில் ஆலோசனை கூறும் நிறுவனம். வடிவமைத்தவரும் உடையவரும் கண்காணிக்கும் குழுவில் பெரும்பான்மையினராக அமரும்போது, கசப்பான ஒரு கேள்வியை யார் முதலிற் கேட்பது? அணைக்குக் கீழே வாழும் மக்களுக்கென்று தேசியக் குழுவில் தனி இடமும் வகுக்கப்படவில்லை.

இக்கேள்வி இன்று பிறந்ததன்று. நீர்நிலையைக் காக்கும் குழுவுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் முறையைத் தமிழ்நாட்டில் ஓர் ஊர்ச்சபை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டி வைத்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகளே அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஏரி வாரியம் அறுவரைக் கொண்டது. பதவிக்காலம் முந்நூற்றறுபது நாள்.

குடவோலையைப் பாடநூல்கள் தேர்தலுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். அதைவிட நுட்பமான பகுதி, யார் அமரக்கூடாது என்று சபை வகுத்த விதிகளாகும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. அவ்வுறவுகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. கடந்த மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவருக்கும் இடமில்லை. மறுபுறம், கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையவரே தகுதி பெற்றனர். ஏரிநீரால் வாழ்ந்த உழவருட் பெரும்பாலோரும் பெண்டிரும் இதனால் முற்றிலும் விலக்குண்டனர். ஆதலின் அது மக்களாட்சி என்று போற்றுவது மிகையாகும். நீரைக் காப்பவரின் சொந்த நலன் குறுக்கிடலாகாது என்ற விழிப்பு மட்டும் அதில் தெளிவாக உள்ளது.

நம் காலத்தில் அவ்விழிப்பின் சாயலை முல்லைப் பெரியாறு வழக்கிற் காணலாம். அணை கேரளத்தில் உள்ளது; அதனை இயக்குவது தமிழ்நாடு. 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூவர் கொண்ட மேற்பார்வைக் குழுவை ஏற்படுத்திற்று: மத்திய நீர்க் கமிஷனின் பிரதிநிதி தலைவர், இரு மாநிலங்களுக்கும் ஒவ்வொருவர். 2022-இல் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஒரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்க்குமாறு நீதிமன்றம் பணித்தது. அணையை உடையவரும் அணையால் அஞ்சுபவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். வாதம் ஓய்ந்துவிடவில்லை. ஆயினும் ஒரு தரப்பு கூறும் அளவீட்டை மறுதரப்பு நேரிற் சரிபார்க்கும் வாய்ப்பு உண்டாயிற்று. 2021-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒரு மாநிலத்தின் அணை மற்றொரு மாநிலத்தில் இருப்பின், அதன் பாதுகாப்பைத் தேசிய ஆணையமே மேற்பார்க்க வேண்டுமென்று விதிக்கிறது.

ஒரே மாநிலத்துக்குள் அமைந்த அணையும் ஆறும் ஆயின், எதிரெதிரே அமர இரண்டு அரசாங்கங்கள் இல்லை; முட்டா ஆற்றின் நிலை இதுவே. அங்கே அணைக்காரரின் கணக்கை வெளியிலிருந்து பார்க்கும் கண், குழுவில் நியமிக்கப்படும் சில வல்லுநர்களுடையதே. எனவே அந்தச் சில இடங்களை, அதே அணையின் திட்டத்திலோ ஒப்பந்தத்திலோ பங்கில்லாதவர்க்கு ஒதுக்குவதும், அவர்கள் எழுதும் மாறுபட்ட கருத்தைக் குறிப்பேட்டில் மறையாமற் பதிவு செய்வதும் மிக இன்றியமையாதவை.

மழைக்கு முன்னும் பின்னும் அணைகளைப் பரிசோதிக்க வேண்டுமென்றும், சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்தாண்டுகளுக்குள் அவசரகாலத் திட்டம் வகுக்க வேண்டுமென்றும் சட்டம் கூறுகிறது. அத்திட்டத்துக்கு எத்தெரு எவ்வளவு நீரில் மூழ்கும், எப்பள்ளிக்கூடம் மேட்டில் உள்ளது என்ற விவரங்கள் வேண்டும். அவற்றை அறிந்தவர்கள் அளவுகோலைப் படிக்கும் களப் பணியாளரும் அவ்வூர் ஆசிரியருமே ஆவர். குழுக்களின் உறுப்பினர் பட்டியலில் இவர்களுக்குப் பெயரில்லை. ஆயினும் திட்டத்தின் வரைவு சரிபார்க்கப்படும் வேளையில் எழுத்து மூலம் திருத்தங்களை அனுப்ப இவர்களுக்குத் தடை எதுவுமில்லை.