தேயிலைத் தண்டுக்குள் ஒரு பூஞ்சைத் தோட்டம்

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ, ரத்தோட்டை போன்ற மலைச்சரிவுகளில் நடுத்தர உயரத்தில் வளரும் தேயிலைக்குத் தண்டு துளைக்கும் வண்டு பழைய எதிரி. கொழுந்து பறிக்கும் கை பட்டதுமே கிளை முறிவதற்கு, உள்ளே அது குடைந்த சுரங்கம் காரணமாகலாம். பெண் வண்டின் நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், எள்ளைவிடச் சிறியது. இலங்கையில் கிடைத்த வண்டுகளைக் கொண்டு 1868இல் ஐக்கொஃப் என்ற அறிஞர் இதற்குப் பெயரிட்டார். இவ்வளவு சிறிய உயிரை மருந்தடித்து ஒழித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அதன் பலம் உருவத்தில் இல்லை, வாழும் முறையில் இருக்கிறது. அதை அறியாமல் எடுக்கும் நடவடிக்கை நமக்கே கேடாக முடியும்.

இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை. வாய்ப்பகுதியிலுள்ள நுண்பைகளில் ஒரு பூஞ்சையைச் சுமந்து வந்து, சுரங்கச் சுவரில் வளர்த்து, அதையே தானும் உண்டு குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட் என்பவரும் லூஸ் என்பவரும் அந்தப் பூஞ்சையை 1947இல் விவரித்தார்கள். ஆண் வண்டுக்குப் பறக்க வராது. பிறந்த சுரங்கத்திலேயே தங்கிச் சகோதரிகளோடு இணைகிறது. ஆகவே வெளியேறும் ஒவ்வொரு பெண்ணும் கருவோடும் பூஞ்சையோடும் போகிறது. புதிய குடும்பம் தொடங்க அது ஒன்றே போதும். வாழ்நாளின் பெரும்பகுதி கட்டைக்குள்ளேயே கழிவதால், மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டுவதில்லை.

கொழுந்தின் எடையை நம்பிப் பிழைப்பவர்கள் வண்டின் வாழ்முறையை அறிந்துகொள்ளும்வரை காத்திருக்க முடியுமா, கடுமையான மருந்தே மேல் அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வழியை இலங்கை ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1950களில் இந்த வண்டுக்கு எதிராக டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தெளித்தார்கள். இலை சுருட்டும் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகளை அந்த நஞ்சு கொன்றது. அதுவரை அடங்கியிருந்த புழு பெருகியது; ஒரு பூச்சியை விரட்டப்போய் இன்னொன்றை வளர்த்துவிட்டோம்.

சிற்றுருவ வண்டுகள் எல்லாமே பகை அல்ல. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இறகுச்சிறகு வண்டுகள் ஈரச் சருகில் பூஞ்சை வித்துகளைத் தின்று வாழ்கின்றன. தேயிலைக்கு அவற்றால் தீங்கில்லை. கண்மூடித்தனமாகத் தெளிக்கும் நஞ்சு இவற்றைப் பிரித்தறியாது. எனவே வண்டின் வாழ்க்கையைத் தோட்டத் தொழிலாளர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுப்பதே மருந்து வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை. அதற்குத் தோட்ட நிர்வாகங்களும் ஆராய்ச்சி நிலையமும் முன்வர வேண்டும்.