விமானத்தில் பறந்த கோபம்: ஜயண்ட்ஸ் அணியின் சம்பளக் கணக்கு

2024 டிசம்பர் 8. நியூஜெர்சியின் மெட்லைஃப் மைதானத்துக்கு மேலே ஒரு சிறிய விமானம் நீண்ட பதாகையை இழுத்துக்கொண்டு வட்டமிட்டது. ‘மிஸ்டர் மாரா, போதும், பற்றி எரியும் இந்தக் குப்பைத்தொட்டியைச் சரிசெய்யுங்கள்’ என்பது அதன் செய்தி. அன்று நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிடம் 14-11 என்று தோற்றது. அடுத்த வாரம் இன்னொரு பதாகை பறந்தது: எல்லோரையும் வேலையைவிட்டு நீக்கும்வரை ஓய மாட்டோம். அன்றும் தோல்விதான், 35-14.

பதாகையில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட ஜான் மாரா, அணியின் உரிமையாளர்களில் ஒருவர். அவருடைய தாத்தா டிம் மாரா 1925இல் தொடங்கிய அணி இது. 2024 ஜயண்ட்ஸுக்கு நூறாவது பருவம். கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டிய பருவத்தில் தொடர்ச்சியாகப் பத்து ஆட்டங்கள் தோற்று, 17இல் மூன்றை மட்டுமே வென்றது அணி. நான்கு முறை சூப்பர் பௌல் கோப்பையை வென்ற அணி, கடைசியாக அதைத் தொட்டது 2012 பிப்ரவரியில்.

தோற்கும் அணியை ரசிகர்கள் திட்டுவது எங்கும் உள்ளதுதான். ஆனால் ஜயண்ட்ஸ் ரசிகர்களின் கோபம் ஆடுகளத்தில் இருந்தவர்கள்மீது அவ்வளவாக இல்லை. யாருக்கு எவ்வளவு கொடுப்பது, யாரை விட்டுவிடுவது என்று அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள்மீது இருந்தது. அந்தக் கோபம் நியாயமா என்று பார்க்க, என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் சம்பள உச்சவரம்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

32 அணிகளும் வீரர்களுக்காக ஒரே அளவு பணம்தான் செலவிடலாம் என்பது விதி. 1994இல் இது வந்தபோது ஓர் அணிக்கான வரம்பு 3 கோடியே 46 லட்சம் டாலர். 2024இல் அது 25 கோடியே 54 லட்சம். 2025இல் 27 கோடியே 92 லட்சம். ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரே தொகை தரப்படுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். பணக்கார உரிமையாளர் எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

சிக்கல், ஒப்பந்தங்களைக் கணக்கில் எழுதும் முறையில் இருக்கிறது. ஒரு வீரருக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவுடன் கொடுக்கும் முன்பணத்தை, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம். ஐந்து கோடி கொடுத்தால் ஆண்டுக்கு ஒரு கோடிதான் வரம்பில் சேரும். இரண்டே ஆண்டுகளில் அந்த வீரரை அனுப்பிவிட்டால், எழுதப்படாமல் மிச்சமிருக்கும் மூன்று கோடியும் அணியின் தலையில் விழும். ஆள் இல்லை, அவர் பெயரிலான செலவு மட்டும் இருக்கும். இதை அங்கே ‘டெட் மணி’ என்கிறார்கள். அதாவது ஒவ்வொரு ஒப்பந்தமும் ‘இந்த ஆள் இத்தனை ஆண்டு பயன்படுவார்’ என்ற கணிப்பு. கணிப்பு தவறினால் தண்டனை அடுத்த ஆண்டின் அணிக்கு.

ஜயண்ட்ஸின் தவறு எங்கே தொடங்கியது? பலரும் 2023 மார்ச்சைச் சொல்வார்கள். அது 2022இலேயே தொடங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஜோ ஷோன் பொது மேலாளராக வந்திருந்தார். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸின் முதல் ஒப்பந்தத்தை, ஐந்தாவது ஆண்டாக 2023க்கும் சுமார் 2 கோடியே 24 லட்சம் டாலருக்கு நீட்டிக்கும் உரிமை அணிக்கு இருந்தது. ஜோன்ஸ்மீது நம்பிக்கை இல்லாததால் ஷோன் அதைப் பயன்படுத்தவில்லை.

அந்தப் பருவத்தில் ஜோன்ஸ் நன்றாக ஆடிவிட்டார். புதிய பயிற்சியாளர் பிரையன் டேபோலின் கீழ் அணி பிளேஆஃபுக்குப் போனது. 2023 ஜனவரியில் மினசோட்டாவுக்கு எதிராக ஜோன்ஸ் 301 யார்டுகள் பந்தை வீசியும் 78 யார்டுகள் தானே ஓடியும் 31-24 என்று வென்று கொடுத்தார். ரசிகர்களும் அன்று குதூகலித்தார்கள். ஒப்பந்தம் முடிந்திருந்ததால் பேரம் பேசும் பலம் ஜோன்ஸ் கைக்கு மாறியது. மார்ச்சில் நான்கு ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் எழுதப்பட்டது. ஓராண்டு நீட்டிப்போடு நின்றிருந்தால், ஜோன்ஸ் உண்மையிலேயே தேறிவிட்டாரா என்று இன்னொரு பருவம் பார்த்திருக்கலாம்.

அதே நாளில், அணியின் பெரிய நட்சத்திரமான சேக்வான் பார்க்லிக்கு ‘ஃபிராஞ்சைஸ் டேக்’ என்ற ஓராண்டுப் பூட்டு போடப்பட்டது. இதன்படி வீரர் வேறு அணிக்கு எளிதில் போக முடியாது. நீண்டகால உத்தரவாதமும் கிடைக்காது. தொகை சுமார் ஒரு கோடி டாலர். பார்க்லி ரன்னிங் பேக், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர். ஒவ்வொரு ஓட்டத்திலும் அடி விழும் இடம் அது, ஆட்டக்காலம் குறைவு. ஆகவே அந்த இடத்துக்குப் பெரிய பணம் கொடுக்கக் கூடாது என்பது மேலாளர்களிடையே நிலவும் கருத்து. பொதுவாகப் பார்த்தால் அது தவறான கருத்தும் அல்ல.

அடுத்து நடந்ததை ஊரே பார்த்தது. 2024 ஜூலையில் எச்பிஓ ஒளிபரப்பிய ‘ஹார்ட் நாக்ஸ்’ ஆவணத் தொடருக்காக, ஜயண்ட்ஸ் தன் அலுவலகத்துக்குள்ளேயே கேமராக்களை அனுமதித்திருந்தது. வீரர்களின் ஒப்பந்தப் பேச்சை ரசிகர்கள் இவ்வளவு நெருக்கத்தில் பார்த்தது அரிது. குவார்ட்டர்பேக்குக்கு ஆண்டுக்கு நான்கு கோடி கொடுப்பது, 1.2 கோடி ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுத்துவிட்டு நிற்பதற்காக அல்ல என்ற பொருளில் ஷோன் பேசுகிறார். பார்க்லியைத் தொலைபேசியில் அழைத்து, வெளியில் என்ன விலை கிடைக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார். ஜான் மாராவோ, பார்க்லி பிலடெல்பியாவுக்குப் போய்விட்டால் தனக்குத் தூக்கம் வருவது கஷ்டம் என்கிறார். உரிமையாளருக்கு ஆபத்து தெரிந்திருந்தது. தெரிந்தும் மேலாளரின் கணக்கை அவர் தடுக்கவில்லை.

பார்க்லி பிலடெல்பியாவுக்கே போனார், அதாவது ஜயண்ட்ஸின் பரம எதிரியான ஈகிள்ஸ் அணிக்கு. மூன்று ஆண்டுகளுக்கு 3 கோடியே 77.5 லட்சம் டாலர். 2024 அக்டோபர் 20 அன்று பழைய மைதானத்துக்கு எதிரணிச் சட்டையோடு வந்தார். கூட்டம் கூச்சலிட்டது. அவர் 176 யார்டுகள் ஓடினார். ஈகிள்ஸ் 28-3 என்று வென்றது. பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 2,005 யார்டுகள். என்எஃப்எல் வரலாற்றில் இரண்டாயிரத்தைத் தாண்டிய ஒன்பதாவது வீரர். 2025 பிப்ரவரி 9, தன் 28ஆவது பிறந்தநாளில், சூப்பர் பௌல் கோப்பையையும் ஏந்தினார்.

ஜோன்ஸ் கதை வேறு விதமாக முடிந்தது. 2023இல் முழங்கால் காயம். 2024 நவம்பரில் அணியிலிருந்து ஒதுக்கப்பட்டு, அதே வாரத்தில் தானே கேட்டு விடுபட்டார். 16 கோடி ஒப்பந்தத்தின் கீழ் அவர் தொடங்கிய ஆட்டங்கள் 16, வெற்றி மூன்று. அவர் போன பிறகும் 2025 வரம்பில் அவர் பெயரில் 2 கோடியே 22 லட்சம் டாலர் டெட் மணி நின்றது. பார்க்லியின் ஈகிள்ஸ் ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுச் சராசரியைப்போல் அது ஒன்றே முக்கால் மடங்கு. பாதுகாப்பு வரிசையில் நம்பிக்கைக்குரியவராக இருந்த சேவியர் மெக்கின்னியும் 2024இல் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் போய், அந்தப் பருவத்திலேயே லீக்கின் சிறந்தவர்கள் வரிசையில் இடம்பிடித்தார்.

‘வரம்பு கையைக் கட்டிவிட்டது’ என்று அணி நிர்வாகங்கள் அடிக்கடி சொல்லும். ஈகிள்ஸுக்கும் அதே வரம்புதான். அங்கே மேலாளர் ஹோவி ரோஸ்மன், குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 25.5 கோடி டாலர் எழுதினார். ஆண்டுச் சராசரியில் ஜோன்ஸைவிட ஒரு கோடிக்கும் மேல் அதிகம். ஆனால் பெரும் பகுதியை முன்பணமாக்கிப் பின்னால் தள்ளியதால், 2024இல் ஹர்ட்ஸ் வரம்பில் பிடித்த இடம் சுமார் 1 கோடியே 35 லட்சம் மட்டுமே. ஜோன்ஸ் அதே ஆண்டில் 4 கோடியே 70 லட்சத்துக்கும் மேல். மிச்சப்பட்ட இடத்தில்தான் பார்க்லி வந்து உட்கார்ந்தார். பின்னால் தள்ளிய கடன் ஈகிள்ஸுக்கும் ஒருநாள் வரும். அதற்குள் கோப்பை வந்துவிட்டது.

ஆகவே ரசிகர்களின் கோபத்தில் ஒரு பாதி மிகச் சரி. ஜயண்ட்ஸிடம் பணம் இல்லாமல் போகவில்லை. பணத்தைத் தவறான ஆளின்மேல், தவறான நேரத்தில் வைத்தார்கள். பார்க்லி மட்டும் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்ற மறுபாதியை ஏற்க முடியாது. ஈகிள்ஸின் தடுப்பு வரிசை லீக்கின் மிகச் சிறந்தவற்றில் ஒன்று; அவர் ஓடிய வழியைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். ஜயண்ட்ஸில் அப்படி ஒரு வரிசை இல்லை. அதைக் கட்டத் தவறியதும் நிர்வாகத்தின் தோல்விதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ரசிகர் கையில் என்ன இருக்கிறது? மிகக் குறைவு. ஐரோப்பியக் கால்பந்தில் கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும், வருமானம் அடிவாங்கும். என்எஃப்எல்லில் அது கிடையாது. 2021இல் அறிவிக்கப்பட்ட 11 ஆண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 11,000 கோடி டாலர். அது எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. பொதுமக்கள் பங்குதாரர்களாக உள்ள பேக்கர்ஸ் மட்டும் கணக்கை வெளியிடுவதால், இதையும் உள்ளடக்கிய லீக்கின் பொது வருமானத்தில் ஓர் அணியின் பங்கு தெரிகிறது: 2024 பருவத்துக்கு 43 கோடியே 26 லட்சம் டாலர். வீரர்களின் சம்பள வரம்பைவிட இது எவ்வளவோ அதிகம். ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்பே செலவு கைக்கு வந்துவிடுகிறது.

ரசிகரின் நிலைமை நேர்மாறு. 2010இல் திறக்கப்பட்ட மெட்லைஃப் மைதானத்தில் பருவ டிக்கெட் வேண்டுமென்றால், ஜயண்ட்ஸ் ரசிகர்கள் முதலில் இருக்கை உரிமத்துக்கே 1,000 முதல் 20,000 டாலர் வரை கட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு ஆண்டுதோறும் டிக்கெட்டும் வாங்க வேண்டும்; வாங்காவிட்டால் உரிமம் போய்விடும். கோபத்தில் ஆட்டத்தைப் புறக்கணித்தாலும் நஷ்டம் அவருக்கே. அந்த மனிதருக்கு விமானம்தான் மிச்சம்.

இதே குடும்பத்துக்கு எதிராக முன்பும் ஒரு விமானம் பறந்திருக்கிறது. 1978 நவம்பர் 19, எதிரணி இதே ஈகிள்ஸ். ஜயண்ட்ஸ் 17-12 என்று முன்னணியில் இருந்தது. சில விநாடிகளே மிச்சம். குவார்ட்டர்பேக் பந்தோடு மண்டியிட்டு நேரத்தைக் கடத்தியிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். பந்தை ரன்னிங் பேக் லாரி சோங்காவிடம் கொடுக்கப்போய் நழுவவிட்டார்கள். ஈகிள்ஸின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை எடுத்து ஓடி வென்றார். ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே டிக்கெட்டுகளைக் கொளுத்தினார்கள். டிசம்பர் 10 அன்று, 15 ஆண்டு மட்டமான ஆட்டம் போதும் என்ற பதாகை வானில் வந்தது. அப்போது உரிமையாளர்களில் ஒருவர், ஜான் மாராவின் தந்தை வெலிங்டன் மாரா.

அந்த முறை விமானம் பலித்தது. பயிற்சியாளர் போனார், மேலாளர் விலகினார். குடும்பத்துக்குள் இருந்த பிணக்கால் யாரை நியமிப்பது என்பதில் இழுபறி வந்தபோது, லீக் ஆணையர் பீட் ரோசெல் தலையிட்டு, வெளியாளான ஜார்ஜ் யங் 1979இல் மேலாளரானார். அவர் கட்டிய அணி 1987 ஜனவரியில் முதல் சூப்பர் பௌலை வென்றது. ஆள் மாறினால் போதாது, ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடமும் மாற வேண்டும் என்று அனுபவம் காட்டியது.

இந்த முறை அது நடக்கவில்லை. 2025 ஜனவரியில் ஷோனும் டேபோலும் தொடர்வார்கள் என்று உரிமையாளர்கள் அறிவித்தார்கள். அதே ஆண்டில் அணியின் பத்து விழுக்காடு பங்கு, மொத்த மதிப்பை 1,000 கோடி டாலருக்கும் மேலாகக் கணக்கிட்டு விற்கப்பட்டது. நவம்பர் 10 அன்று டேபோல் நீக்கப்பட்டார். ஜோன்ஸுக்கு 16 கோடி எழுதிக்கொடுத்த, பார்க்லியை வெளியே விலை பார்க்கச் சொன்ன ஜோ ஷோன் பதவியில் நீடித்தார். அடுத்த பயிற்சியாளரைத் தேடும் பொறுப்பும் அவரிடமே தரப்பட்டது.